முருகைக்கல்லின் பசி

மாத்தளை மாவட்டத்திலே கலேவெலைப் பகுதியில் உள்ள வஹகோட்டை என்னும் ஊரைப் பக்தர் பலர் அறிவர். போர்த்துக்கேயர் வழிவந்தோர் எனப்படும் கத்தோலிக்கர் வாழும் ஊர் அது. அங்குள்ள புனித அந்தோனியார் ஆலயத்தின் ஆனி மாதத் திருவிழாவுக்குச் சைவரும் பௌத்தருங்கூடச் செல்வதுண்டு. நாமும் அவ்வாறு ஒருமுறை குடும்பத்தோடு சென்றிருந்தோம். எத்திசையில் நோக்கினும் வயலும் தோட்டமும் குளமுமாகவே காட்சி தரும் அவ்வூரிலிருந்து கடலைக் காண அரை நாட் பயணமேனும் வேண்டும். அத்தகைய ஊரிலே முருகைக்கல்லைப் பற்றிப் பாடம் கேட்போம் என்று நாம் கனவிலும் கருதவில்லை.

எம்மிடம் கற்ற மாணவர் ஒருவர் அவ்வூரில் வசிக்கிறார். வளைகுடா நாடொன்றிலே கடல்வாழ் உயிர்க் காட்சிச்சாலை ஒன்றிற் சில ஆண்டுகள் தொட்டி பராமரிப்பவராகப் பணியாற்றித் திரும்பியவர். இன்று தந்தையாரோடு சேர்ந்து பெரிய வெங்காயம் பயிரிடுகிறார். வழிபாடு முடிந்ததும் எம்மைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். தேநீர் வரும்வரையில், தாம் அங்கே எழுதி வைத்த குறிப்புப் புத்தகத்தையும் படங்களையும் எடுத்துக் காட்டினார். தொட்டியிலே வளர்ந்த முருகைகளின் படங்கள் அவை. ஊதா, பச்சை, செம்மஞ்சள் என நிறம் காட்டிய அவற்றைக் கண்டதும், நெடுநாளாக எம் மனத்தில் உறுத்திய குற்றம் ஒன்று வாயினின்றும் வெளிப்பட்டுவிட்டது.

எமது குற்றம்

1997ஆம் ஆண்டு, எமக்குப் பதினேழு வயது. பாடசாலைச் சுற்றுலாவாக ஹிக்கடுவைக்குச் சென்றோம். கண்ணாடித் தளமிட்ட படகில் அமர்ந்து, கடலடியிலே பூத்திருந்த அந்தச் சோலையைக் கண்டோம். கண்டதோடு நில்லாமல், ஆழமற்ற ஓரிடத்திலே விரல் நீளக் கிளை ஒன்றை முறித்து, கடல்நீர் நிரப்பிய போத்தலில் இட்டு, ஒருவரும் அறியாமல் ஊருக்குக் கொணர்ந்தோம். அது சட்டத்தால் தடுக்கப்பட்ட செயல் என்பதை அன்று அறியோம். அறிந்திருந்தால் விட்டிருப்போமா என்பதும் ஐயமே.

வீட்டிலே அதனைப் பெரிய கண்ணாடிச் சாடியில் மாற்றினோம். நீர் போதாமையாற் கிணற்று நீரிலே சமையலுப்பைக் கரைத்து ஊற்றினோம். “பாவம், பசித்திருக்குமே” என்று அவித்த முட்டையின் மஞ்சட் கருவைக் காலையும் மாலையும் கரைத்துவிட்டோம். இரண்டாம் நாள் நீர் பாலாயிற்று. மூன்றாம் நாள் வீடெங்கும் துர்நாற்றம். அன்னையார் சாடியைத் தோட்டத்திலே கவிழ்த்தபோது வெறும் வெள்ளைக் கல்லொன்றே எஞ்சியது.

இதைக் கேட்ட எம் மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “சேர், அதைப் பட்டினி கொன்றிராது, நீங்கள் ஊட்டிய உணவே கொன்றிருக்கும். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் ஒரு தொட்டியை அழித்தேன்” என்றார். அன்று அவர் விளக்கியவற்றையும், பின்னர் நாம் படித்தறிந்தவற்றையும் சேர்த்து வாசகர்களுக்குத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வறிய நீரிலே வளமான வாழ்வு

தமிழகத்தார் பவளப்பாறை என்று கூறுவதையே நாம் முருகைக்கல் என்கிறோம். யாழ்ப்பாணத்து மதிற்கும் சுண்ணாம்புச் சூளைக்கும் பயன்பட்டமையால் அதைக் கல்லென்றே எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் அது விலங்கு. குண்டூசித் தலையளவு முதலாகப் பல அளவுகளில் உள்ள மெல்லிய உடலுடைய உயிர்கள் ஆயிரக்கணக்கிற் கூடி, கடல்நீரில் உள்ள கல்சியத்தைக் கொண்டு தமக்குக் கிண்ணம் போன்ற கல் வீடுகளைக் கட்டுகின்றன. அவ்வீடுகளின் தொகுதியே முருகைக்கல்.

அயனமண்டலக் கடலில் முருகை வளரும் இடங்களிலே நீர் பளிங்குபோற் தெளிந்திருக்கும். அத்தெளிவுக்குக் காரணம் நீரின் வறுமை. அங்கு ஒரு லீற்றர் நீரிலே நைத்திரேற்று அரை மில்லிகிராமும் இராது. பொசுபேற்றோ ஒரு மில்லிகிராமின் நூறில் ஓரிரு பங்கேயாகும். உரமற்ற நிலத்திலே பெருங்காடு நிற்பது போன்ற புதுமை இது. முருகைத் தீவுகளின் தோற்றத்தை ஆராய்ந்து 1842இல் நூல் வெளியிட்ட சாள்ஸ் டார்வினின் பெயராலேயே இப்புதிரை இன்றும் அறிஞர் குறிப்பிடுகின்றனர்.

விடை முருகையின் உடலுக்குள்ளேயே உள்ளது. அதன் இழையங்களிலே கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. சூரிய ஒளியைக் கொண்டு அவை ஆக்கும் சீனிப் பொருளிற் பெரும்பகுதியை முருகைக்கு வாடகையாகச் செலுத்துகின்றன. நல்ல ஒளியுள்ள இடத்திலே முருகைக்கு வேண்டிய சத்தியில் பத்தில் ஒன்பது பங்குவரை இவ்வாறே கிடைக்கலாம் என்பர். முருகையின் கழிவோ பாசிக்கு உரமாகிறது. ஒரு துளியும் வீணாகாத குடித்தனம் இது.

ஆனால் சீனியை மாத்திரம் தின்று எந்தப் பிள்ளை வளரும்? உடலை வளர்க்கும் புரதத்துக்கு நைதரசனும் பொசுபரசும் வேண்டும். அதற்காகவே முருகை வேட்டையாடுகிறது. 1928, 1929ஆம் ஆண்டுகளில் அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்பு முருகைத் தொடரிலே ஆராய்ச்சி நடத்திய மொரிஸ் யங் குழுவினர், முருகை ஊன் உண்ணும் உயிரே என்பதைத் தெளிவாகக் காட்டினர். இரவிலே அது தன் உணர்கொம்புகளை விரித்து, நீரில் மிதந்துவரும் நுண்ணுயிர்களைக் கொட்டிப் பிடித்து உண்கிறது. பாசியின் உணவு முருகைக்குச் சென்று சேர்வதை 1950களின் பிற்பகுதி முதற் கதிரியக்கக் காபனைக் கொண்டு நடத்திய சோதனைகள் மெய்ப்பித்தன. ஆகவே ஒளியும் வேண்டும், ஊனும் வேண்டும். அந்த ஊனோ சிறிது சிறிதாக, ஆனால் ஓயாது வரவேண்டும். கடல் அவ்வாறே ஊட்டுகிறது. நாமோ ஒரே நாளிற் கொட்டிவிடுகிறோம். பிழை அங்கேயே பிறக்கிறது.

நீரைப் பேணும் முறை

தொட்டியிலே முருகை வளர்க்கும் கலைக்கு ஆசியரின் பங்கும் உண்டு. யகார்த்தாவிலே வாழ்ந்த லீ சின் எங் என்பார், உயிர்கள் செறிந்த கடற்கற்களையும் கடல்நீரையும் தொட்டியில் இட்டு, காற்றுக் குமிழும் வெயிலுமே துணையாக முருகையை வாழவைத்த முறையை 1961இல் எழுதி வெளியிட்டார். கற்களின் துளைகளில் வாழும் பற்றீரியாக்களே நீரைத் தூய்மை செய்கின்றன என்பதே அம்முறையின் உட்கருத்து. இன்றைய பெருந்தொட்டிகளும் அவ்வழியையே வளர்த்துக்கொண்டு செல்கின்றன.

கடலுக்கு எட்டாத ஊரிலே உப்புநீரை ஆக்கிக்கொள்ளவேண்டும். அதற்கு முதற்றேவை, வேறெதுவும் கலவாத நன்னீர். மாத்தளைக் கிணறுகள் பலவற்றின் நீரைக் கொதிக்கவைத்தாற் கேத்தலின் உள்ளே வெண்படிவம் படிவதை இல்லத்தரசிகள் அறிவர். கல்சியம் மிக்க அந்நீர் முருகைக்கு நல்லதன்றோ என எம்மாணவரை வினவினோம். “கல்சியத்தோடு தோட்டத்து உரமும் சேர்ந்து வந்தால் என் செய்வது, சேர்?” என்றார். வடமத்திய மாகாணத்திலே சிறுநீரக நோயச்சத்தால் ஊர்தோறும் நிறுவப்பட்ட ஆர். ஓ. வடிகட்டிகளை வாசகர் கண்டிருப்பர். அவை தரும் நீரைப் போன்றதே முருகைத் தொட்டிக்கும் ஏற்றது. மனிதன் குடிக்கும் நீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுவரை இருக்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லை. முருகைத் தொட்டியிலோ ஐந்தைத் தாண்டினாலே காவலன் கவலை கொள்கிறான்.

அந்நீரிலே கடல்வாழ் உயிர்களுக்கென ஆக்கப்பட்ட உப்பை, லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உவர்ப்பு வரும்படி கரைக்கவேண்டும். சமையலுப்பு பயன்படாது, அதிலே கல்சியமும் மகனீசியமும் கடலின் விகிதத்தில் இல்லை. இயற்கைக் கடல்நீரின் லீற்றரொன்றிலே ஏறத்தாழ 410 மில்லிகிராம் கல்சியமும், 1,290 மில்லிகிராம் மகனீசியமும் உண்டு. கல் வீடு கட்டும் உயிர் இவற்றை நாள்தோறும் உறிஞ்சுவதால், குறைந்ததை அளந்து ஈடுசெய்யவேண்டும். வெப்பம் 25 முதல் 27 பாகை செல்சியசு வரையில் நிற்கவேண்டும். வெயிற் காலத்திலே தொட்டியின் நீர் ஆவியாகிக் குறையும், உப்போ பின்தங்கிவிடும். ஆதலாற் குறைந்த நீரை நன்னீராலேயே நிரப்பவேண்டும், உப்புநீரால் அன்று. புதியவர் பலர் இங்கேயே தவறுவர்.

இனி, நீரை வறிதாக வைத்திருப்பது எவ்வாறு? தின்னப்படாத உணவும் மீனின் கழிவும் அழுகி அமோனியாவாகின்றன. அது நஞ்சு. எம் சாடியிலே மூன்றாம் நாள் எழுந்த நாற்றம் அவ்வழுகலினுடையதே. நிலைபெற்ற தொட்டியிலே ஒருவகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், மற்றொரு வகையின அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரேற்று உடனே கொல்வதில்லை, சேர்ந்துகொண்டே போகும். அதனைக் குறைக்க மூன்று வழிகளைக் கையாள்கின்றனர். வாரந்தோறும் நீரிற் பத்தில் ஒரு பங்கை மாற்றுவது ஒன்று. நுண்குமிழ்களை எழுப்பி, அழுக்கை நுரையோடு வெளியேற்றும் கருவியை இயக்குவது இரண்டாவது.

மூன்றாவது வழி வியப்புக்குரியது. சில துளி வினாகிரியையோ சீனிக் கரைசலையோ நாள்தோறும் தொட்டியிற் சேர்க்கின்றனர். அதிலுள்ள காபனை உண்டு பற்றீரியாக்கள் பெருகும். பெருகும்போது நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் தம் உடலிற் சேர்த்துக்கொள்ளும். அவற்றில் ஒரு பகுதியை நுரை அள்ளிச் செல்லும். ஒரு பகுதி முருகைக்கு உணவாகும். ஆனால் துளிகள் கூடினால் நீர் கலங்கி, பற்றீரியாக்கள் உயிர்வாயுவையெல்லாம் உறிஞ்சி, ஓரிரவிலேயே மீன்கள் மாண்டுவிடும். மிகச் சிறிதாகத் தொடங்கி, வாரக்கணக்கிற் கூட்டிச் செல்லும் பொறுமை இல்லாதவர் இவ்வழியை நாடலாகாது.

உணவூட்டும் முறை

நீரை வறிதாக்கிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை, வேறொரு துன்பம் அங்கே காத்திருக்கிறது. எம்மாணவர் தம் முதற்றொட்டியை மிகையாக ஊட்டி அழித்தார் என்றோமல்லவா? அதற்கு அஞ்சி, இரண்டாவது தொட்டியில் உணவை அறவே நிறுத்தினார். சோதனைக் குழாயிலே நைத்திரேற்றும் பொசுபேற்றும் காணாமற் போயின. மகிழ்ந்தார். ஆனால் சில வாரங்களில் முருகைகள் வெளிறலாயின. கிளை நுனிகளிலே தோல் உரிந்தது. உள்ளே குடியிருந்த பாசிக்கு உரமில்லை. முருகைக்கு ஊனும் இல்லை. வறுமை வேறு, வெறுமை வேறு என்பதை அன்றுதான் கற்றதாகக் கூறினார். அதன்பின் நைத்திரேற்றை லீற்றருக்கு 1 முதல் 5 மில்லிகிராம் வரையிலும், பொசுபேற்றை 0.02 முதல் 0.08 மில்லிகிராம் வரையிலும் நிறுத்திவைப்பதையே குறியாகக் கொண்டார். இத்தகைய வறிய நீரிலே காரத்தன்மையையும் உயர்த்தலாகாது. கடல்நீருக்கு அண்மையாக, ஜேர்மானிய அளவையின்படி 7, 8 பாகைகளில் வைத்திருத்தல் நலம் என்பது அவர் துணிபு.

அவருடைய குறிப்புப் புத்தகத்தின்படி உணவூட்டும் முறை வருமாறு: உவர்நீர் இறாலின் உலர்ந்த முட்டைகள் கடைகளிற் கிடைக்கும். அவற்றை உப்புநீரில் இட்டு இடையறாது காற்றூட்டினால், 28 பாகை அளவிலே ஏறத்தாழ ஒரு நாளிற் குஞ்சு பொரிக்கும். பொரித்தவுடனே கருவூட்டம் குறையுமுன் ஊட்டிவிடவேண்டும். ஓடுகளை நீக்கி, நுண்ணிய வடியில் அலசி, தூய உப்புநீரிற் சேர்த்துக்கொள்வது அவர் வழக்கம். பொரித்த நீரைத் தொட்டியில் ஊற்றுவது, சோற்றோடு கழுநீரையும் குழந்தைக்கு ஊட்டுவதை ஒக்கும்.

விளக்கணைந்து அரை மணி நேரம் கழிந்தபின், உணர்கொம்புகள் விரிந்திருப்பதைப் பார்த்து ஊட்டவேண்டும். அவ்வேளையில் நுரைக் கருவியை நிறுத்தி, நீரை மெல்ல மட்டும் அசையவிட்டு, குழாய்த் துளிப்பானாற் சிறிது சிறிதாக முருகையின் மேலே படரவிடவேண்டும். கால் மணி நேரத்துக்குப் பின் கருவிகளை மீண்டும் இயக்கவேண்டும். வாரத்தில் இரண்டு முறை இவ்வாறு ஊட்டி வந்தார். ஒரு முறை பெரிதாக ஊட்டுவதைவிட நான்கு முறை சிறிதாக ஊட்டுவது நன்று என்பதைப் பின்னர்க் கண்டுகொண்டார். தொட்டியிலே மீன் இருந்தால் அதற்கு இடும் உணவும் கணக்கிற் சேரும். மீன் தின்று கழிப்பது முருகைக்கும் பாசிக்கும் உணவாகிறது.

அளவு சரியா என்பதை முருகையின் நிறமே உணர்த்தும். வெளிறினாற் பசியாக இருக்கலாம். கபில நிறம் ஏறினால் நீரிலே உரம் மிகுந்து உட்பாசி பெருகியிருக்கலாம். கற்களின்மேற் பச்சைப் பாசி படர்ந்தால் ஐயமே வேண்டியதில்லை. எதையும் ஒரே நாளிற் திருத்த முற்படலாகாது. சரியான அளவுக்கேனும் திடீரெனத் தாவினால் முருகை தாங்காது.

இவ்விடத்தில், அதுவரை கேட்டுக்கொண்டிருந்த அவருடைய தந்தையார் குறுக்கிட்டார். “எங்கள் வயலுக்கும் அதுதானே நடந்தது” என்றார். உரத்தைக் கண்டபடி கொட்டிய காலமும் இருந்தது. பின்னர் 2021ஆம் ஆண்டிலே இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, அவ்வாண்டு முடியுமுன்னே தடை தளர்த்தப்பட்டதை நாடறியும். மிகையும் கேடு, திடீர் இன்மையும் கேடு என்பதைத் தொட்டியிற் கற்ற மகனும் வயலிற் கற்ற தந்தையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டனர்.

பெரிய தொட்டி

அச்சிரிப்பின் பின்னே ஓர் உண்மை உண்டு. கலேவெலைப் பகுதியின் ஓடைகள் பல கலா ஓயாப் படுகையைச் சேர்ந்தவை. தாதுசேனன் ஐந்தாம் நூற்றாண்டிலே கட்டுவித்த கலாவாவியைக் கடந்து, கலா ஓயா புத்தளம் கடனீரேரியிலே சென்று கலக்கிறது. அதற்கு அப்பால், கற்பிட்டிக் குடாநாட்டுக்கு வெளியே, 1992இற் சரணாலயமாக்கப்பட்ட முருகைப் பார் இருக்கிறது. கடலைக் காணாத ஊரிலே வயலில் எஞ்சும் உரம், கடலை நோக்கியே நடக்கிறது. வழியிற் குளமும் சதுப்பும் கண்டலும் அதிற் பெரும்பங்கை வடிகட்டிவிடலாம். எனினும் நமது இல்லத்துக் கழிவும் வயலின் மிகையும் போய்ச்சேரும் திசை அதுவே.

1998ஆம் ஆண்டிலே கடல் மிகச் சூடேறியபோது, நாம் முந்தைய ஆண்டு கண்ட ஹிக்கடுவைச் சோலையும் கற்பிட்டிப் பாரும் வெளிறிப் பெருமளவில் மடிந்தன. 2016இல் கற்பிட்டிப் பார் மீண்டும் அத்துன்பத்துக்கு ஆளாயிற்று. நீர் வழக்கமான உச்சத்துக்கு மேல் ஓரிரு பாகை ஏறிச் சில வாரம் நின்றாற் போதும்; முருகை தன் பாசியை வெளியேற்றிவிட்டுப் பட்டினி கிடக்கும். சூடு தணிந்தாற் பாசி திரும்பி, முருகை பிழைப்பதும் உண்டு. ஆனால் உரம் மிகுந்த நீரிலே, வெறுங்கல்லின்மீது வேறு பாசி முந்திப் படர்ந்து இளம் முருகைக்கு இடமில்லாமற் செய்துவிடும். உலகத்தின் வெப்பத்தைத் தனியொருவர் தணித்தல் அரிது. தம் வயலின் உர மிகையைத் தணித்தல் எவர்க்கும் இயலும்.

இதனை வாசித்துவிட்டு முருகை வளர்க்க ஆசைப்படும் இளைஞருக்கு ஒரு சொல். இலங்கையிலே கன்முருகை யாவும் சட்டத்தாற் காக்கப்பட்டவை. கடலிலிருந்து முறிப்பதும் எடுத்துச் செல்வதும் குற்றம். எம்மாணவர் பேணியவை தொட்டியிலேயே துண்டு துண்டாக நட்டு வளர்க்கப்பட்டவை. அதுவும் வேறு நாட்டில். அவ்வறிவு அழகுக்கு மட்டும் உதவுவதன்று. தூத்துக்குடிக் கரையிலே, சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் முருகைத் துண்டுகளைச் சீமெந்துத் தளங்களிற் கட்டிக் கடலடியிலே நட்டு வளர்த்துவருகின்றனர். அழிந்த பாரை மீட்க முனைவோர்க்கு, முருகை எதனை எவ்வளவு உண்ணும் என்னும் அறிவு இன்றியமையாதது.

எம்மாணவர் வீட்டுக் கூடத்திலும் ஒரு கண்ணாடித் தொட்டி உண்டு. முருகை இல்லை, நன்னீர்க் கப்பி மீன்களே நீந்துகின்றன. அவர் தம் சோதனைக் குழாய்களை இப்பொழுது கிணற்று நீருக்குப் பயன்படுத்துகிறார். மாதம் ஒருமுறை அயற்பிள்ளைகள் தத்தம் வீட்டுக் கிணற்று நீரைப் போத்தலிற் கொணர, நைத்திரேற்றை அளந்து ஒரு பழைய நாட்காட்டியின் பின்புறத்திலே குறித்துவைக்கிறார். அளவு ஏறிய வீட்டாரிடம் உரத்தையும் மலக்குழியையும் பற்றி உரையாடுகிறாராம்.

நாம் விடைபெற எழுந்த வேளை, எம் இளைய மகள் தொட்டியருகே நின்று மீனுக்கு உணவிடக் கையை ஓங்கினாள். கை நிறைய இருந்தது. எம்மாணவர் மெல்ல அவள் கையைப் பற்றி, ஒரு சிட்டிகையை மட்டும் அவள் விரலிடையே விட்டு, மிகுதியைச் சிமிழிலே திரும்பக் கொட்டினார். “இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்குமளவு போதும், பிள்ளை. நாளைக்கும் அதற்குப் பசிக்கும்” என்றார். மகள் அந்தச் சிட்டிகையைத் தூவினாள். மீன்கள் யாவும் மேலே வந்தன.